டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம்: மேடை பயத்துக்கு 60 டாலர் கட்டலாமா?

மேடை ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று யார் புலம்பினாலும் பக்கத்தில் இருப்பவர் சொல்லும் முதல் யோசனை, "டோஸ்ட்மாஸ்டர்ஸ்ல சேருங்க." சென்னை, கோவை, பெங்களூரு, கொழும்பு, சிங்கப்பூர், துபாய் என்று தமிழர்கள் வேலை பார்க்கும் ஊர்களில் எல்லாம் இந்தப் பேச்சுப் பயிற்சி மன்றங்கள் இருக்கின்றன. சேரலாமா என்றால், சேரலாம். ஆனால் அங்கே என்ன கிடைக்கிறது என்பதைச் சரியாகத் தெரிந்துகொண்டு சேர வேண்டும். பேச்சுக்கலை வகுப்பு என்று நினைத்துப் போனால் பணம் வீண். அங்கே ஆசிரியர் கிடையாது, பாடம் நடத்துவதும் கிடையாது. கிடைப்பது ஒரு மேடை, ஒரு கடிகாரம், கேட்பதற்கென்றே வந்து உட்கார்ந்திருக்கும் 15, 20 பேர். இந்த மூன்றும் வாராவாரமோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ கிடைக்கின்றன. பயத்தைக் குறைப்பது இந்தத் தொடர்ச்சிதான். அதைப் பயன்படுத்திக்கொள்ளாதவர் இரண்டு வருடம் உறுப்பினராக இருந்தாலும் கைதட்டக் கற்றுக்கொண்டு வெளியே வருவார்.

அமைப்பின் வரலாறு சுருக்கமாக. 1924 அக்டோபர் 22 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் அடித்தளத்தில், ரால்ஃப் ஸ்மெட்லி முதல் மன்றத்தைத் தொடங்கினார். பெண்களை அதிகாரபூர்வமாகச் சேர்க்க 1973 வரை எடுத்துக்கொண்டார்கள். இன்று 140-க்கும் மேற்பட்ட நாடுகளில் மன்றங்கள் இயங்குகின்றன. உறுப்பினராக 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு 'கேவல் கிளப்' என்ற தனி ஏற்பாடும், 8 அமர்வு கொண்ட இளையோர் பயிற்சியும் உண்டு. பிள்ளையை அழைத்துக்கொண்டு பெரியவர்கள் கூட்டத்துக்குப் போய்ப் பயனில்லை.

கூட்டம் ஒன்று முதல் இரண்டு மணி நேரம். மூன்று பகுதி. தயாரித்து வந்தவர்களின் உரை முதலில்; பொதுவாக ஒருவருக்கு 5 முதல் 7 நிமிடம். அடுத்தது 'டேபிள் டாபிக்ஸ்': தலைப்பு அந்த நொடியில்தான் தெரியும், ஒன்று முதல் இரண்டு நிமிடம் பேச வேண்டும். கடைசியில் மதிப்பீடு: ஒவ்வொரு உரைக்கும் ஒருவர் எழுந்து 2 முதல் 3 நிமிடத்தில் எது நன்றாக இருந்தது, எதைத் திருத்தலாம் என்று சொல்வார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்கோ அட்டையோ காட்டுவார் நேரம் பார்ப்பவர். 5–7 நிமிட உரைக்கு 5-இல் பச்சை, 6-இல் மஞ்சள், 7-இல் சிவப்பு. அதற்கு மேல் 30 நொடி சலுகை.

இந்த விளக்கு பார்க்கச் சின்ன விஷயம். பயந்தவருக்கு அதுதான் பெரிய உதவி. மேடையில் நிற்பவருக்கு நேரக் கணக்கு தப்பிவிடும். மூன்று நிமிடம் பேசிவிட்டு அரை மணி ஆகிவிட்டதென்று நினைத்து ஓடி இறங்குவார். இங்கே எல்லை கண்ணுக்குத் தெரிகிறது. பச்சை வந்ததும் "போதுமான அளவு பேசியாயிற்று, இனி எப்போது முடித்தாலும் சரி" என்ற நிம்மதி வரும்.

உடம்பில் நடப்பதைப் பார்த்தால் இந்த ஏற்பாடு ஏன் வேலை செய்கிறது என்று புரியும். பல பேர் கண் தன்மேல் படுவதை உடம்பு ஆபத்தாக எடுத்துக்கொண்டு அட்ரினலினைக் கொட்டுகிறது. நெஞ்சு படபடக்கும், வாய் உலரும், விரல் நடுங்கும், மூச்சு மேலோட்டமாகும், அதனால் குரல் மெலியும். பெரும்பாலானவர்களுக்கு இது உச்சத்தில் இருப்பது பெயர் கூப்பிடுவதற்குச் சற்று முன்பும் பேச்சின் முதல் ஓரிரு நிமிடங்களிலும்தான். அந்த உச்சத்தைத் தாண்டி நின்றவருக்கு அது தானாக இறங்கும். இறங்குவதை உடம்பு பல முறை பார்த்தால் அடுத்த முறை அவ்வளவு உயரத்துக்கு ஏறாது. இறங்குவதற்குள் மேடையை விட்டு வந்துவிட்டால் நேர்மாறு: "தப்பித்தோம்" என்பதைத்தான் உடம்பு கற்றுக்கொள்ளும், பயம் கூடும். ஆண்டுக்கு ஒருமுறை அலுவலக விழாவில் பேசுகிறவருக்குப் பயம் போகாததன் காரணமும் இதுவே. இடைவெளி அதிகம்.

இன்னொன்று, நம் நடுக்கம் நமக்குத் தெரியும் அளவு எதிரே இருப்பவருக்குத் தெரிவதில்லை. உளவியலாளர்கள் சாவிட்ஸ்கியும் கிலோவிச்சும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இதைப் பேச்சாளர்களுக்கு முன்கூட்டியே எடுத்துச் சொன்னபோது அவர்களின் பேச்சே மேம்பட்டது. மன்றத்தில் இதை நேரடியாகச் சோதிக்கலாம். பேசி இறங்கியதும் பக்கத்தில் இருப்பவரிடம் "கை நடுங்கியது தெரிந்ததா?" என்று கேளுங்கள். "இல்லையே" என்பார்கள், பெரும்பாலும் உண்மையாகவே.

சேர்ந்த புதிதில் எல்லோரும் செய்யும் தவறு, "கொஞ்ச நாள் பார்த்துப் பழகிட்டு அப்புறம் பேசுறேன்" என்பது. பார்ப்பதால் பயம் பழகாது. நன்றாகப் பேசுகிறவர்களைத் தொடர்ந்து பார்த்தால் இன்னும் கூடும். களத்தில் இறங்கவேண்டிய வரிசை இது. முதல் கூட்டத்தில் நேரம் பார்க்கும் பொறுப்பைக் கேளுங்கள். அரை நிமிட விளக்கம், கடைசியில் யார் எத்தனை நிமிடம் பேசினார் என்ற அறிக்கை. எழுதிவைத்ததைப் பார்த்தே வாசிக்கலாம், கருத்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எழுந்து நின்று, எல்லோர் கண்ணும் மேலே பட, இரண்டு முறை பேசியாகிவிட்டது. அடுத்த கூட்டத்தில் அசைச்சொல் எண்ணுபவர் வேலை, அதாவது பேச்சுக்கு நடுவே வரும் "அ...", "வந்து" போன்றவற்றை எண்ணுவது. மூன்றாவதில் டேபிள் டாபிக்ஸ். அதற்குப் பிறகு முதல் உரை. மதிப்பீட்டாளர் பொறுப்பு அதன் பின். கூட்டத்தையே நடத்தும் பொறுப்பு நான்கைந்து மாதம் கழித்து வந்தால் போதும்.

டேபிள் டாபிக்ஸ் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கட்டணத்தில் பாதி இதற்கே தகும். தயாரிக்க வழியே இல்லை என்பதால் பலர் இதைத் தவிர்க்கிறார்கள். உண்மையில் முந்தைய நாள் இரவெல்லாம் கவலைப்படவும் வழி இல்லை, அதனால் பயந்தவருக்கு இது தயாரித்த உரையைவிட எளிது. சொதப்புகிற இடங்கள் மூன்று. கேள்வி முடிவதற்குள்ளேயே எழுந்து நடப்பது ஒன்று. "இதைப் பற்றி எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று தொடங்குவது இரண்டாவது. அதைச் சொன்ன பிறகு மூளை அதற்கே சாட்சி தேடிக்கொண்டிருக்கும். சொல்ல வேண்டியது 40 நொடியில் தீர்ந்ததும் அதையே சுற்றிச் சுற்றி வருவது மூன்றாவது. இதற்குச் சரியான நடைமுறை: கேள்வியை முழுதாகக் கேளுங்கள். மேடைக்கு நடக்கும் நான்கைந்து அடிக்குள் ஒரு பதிலை, எந்தப் பதிலானாலும், தேர்ந்துவிடுங்கள். நின்று, ஒரு மூச்சு விட்டு, முதல் வாக்கியத்திலேயே அந்தப் பதிலைச் சொல்லிவிடுங்கள். பிறகு ஏன், அதற்கு ஓர் எடுத்துக்காட்டு, மறுபடி பதில். ஒன்றேகால் நிமிடம் தானாக வந்துவிடும். எடுத்துக்காட்டு சிக்கவில்லையென்றால் "முன்பு இப்படி, இப்போது இப்படி, இனி இப்படி" என்ற மூன்று படி எந்தத் தலைப்புக்கும் ஒத்துவரும், மழை முதல் மாநகராட்சி வரை.

முதல் உரையின் பெயர் 'ஐஸ் பிரேக்கர்'. 4 முதல் 6 நிமிடம், உங்களைப் பற்றியே பேச வேண்டும். தெரியாத விஷயம் என்று எதுவும் இல்லாததால் தலைப்புத் தேர்வு நல்ல ஏற்பாடு. பிறந்தது முதல் நேற்று வரை எல்லாவற்றையும் அடைப்பதால்தான் இது கெடுகிறது. ஒன்றிரண்டு சம்பவம் போதும். ஐந்து நிமிடத்துக்குத் தமிழில் ஏறத்தாழ 400 முதல் 500 சொல் எழுதினால் நிதானமாகப் பேசலாம். பயத்தில் வேகம் கூடும் என்பதால் வீட்டில் ஐந்தரை நிமிடம் வருகிற பேச்சு மேடையில் நாலரைக்கு வந்து நிற்கும். அதைக் கணக்கில் வைத்தே தயாரியுங்கள்.

மனப்பாடம் செய்யாதீர்கள். நம் பள்ளிப் பேச்சுப் போட்டிகள் ஊட்டிய பழக்கம் அது. ஒரு வரி தவறினால் அடுத்த வரிக்குப் போகும் பாலமே அறுந்துபோகும். "அவையோர்களே" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கும் பிள்ளைகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுமளவு வாயில் இருக்கட்டும். பயம் உச்சத்தில் இருக்கும் நேரத்தை அந்த இரண்டு வாக்கியம் கடத்திவிடும். நடுப்பகுதிக்கு ஐந்து குறிப்பு, குறிப்புக்கு மூன்று நான்கு சொல், அஞ்சலட்டை அளவுக் கெட்டி அட்டையில் பெரிய எழுத்தில். ஏ4 தாள் வேண்டாம். விரலின் சிறு நடுக்கத்தையும் அது படபடத்துக் காட்டிக்கொடுக்கும். வாய்விட்டு, நின்றபடி, செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு நான்கைந்து முறை ஒத்திகை பாருங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது, நாக்குக்கு அதில் வேலையே இல்லை.

கூட்ட நாளில் காபி, டீயைப் பேசுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடித்துக்கொள்வது நல்லது, படபடப்போடு அதுவும் சேர்ந்துகொள்ளும். வெறும் வயிறும் வேண்டாம். பெயர் கூப்பிடுவதற்கு முன் ஐந்தாறு மூச்சு: நான்கு எண்ணிக்கை உள்ளே, ஆறு எண்ணிக்கை வெளியே. வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும் என்பதே விஷயம், அதுதான் இதயத் துடிப்பை இறக்கும். "பயப்படாதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதைவிட "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொள்வது பலன் தருகிறது. ஆய்வாளர் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு அது. கேட்கும்போது சிரிப்பு வரும். படபடப்பும் உற்சாகமும் உடம்பளவில் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் இது பொய்யும் ஆகாது.

மேடையில் பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து நிற்கவும். மைக் இருந்தால் வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி. முழுக் கூட்டத்தையும் மேயாமல் இடது, நடு, வலது என்று மூன்று முகங்களைப் பிடித்துக்கொண்டு, ஒரு கருத்து முடியும்வரை ஒரு முகத்தையே பாருங்கள். மறந்துவிட்டால் நிறுத்தி, அட்டையைப் பாருங்கள். உங்களுக்கு ஒரு யுகமாகத் தோன்றும் அந்த மூன்று நொடி, கேட்பவருக்கு ஒரு சாதாரண இடைவெளி. "சாரி, மறந்துட்டேன்" என்றால்தான் அவருக்கு விஷயமே தெரியும்.

இனி குறைகள். மதிப்பீடுதான் இந்த அமைப்பின் பெருமையும் பலவீனமும். மதிப்பீடு செய்கிறவரும் உங்களைப்போல ஒரு உறுப்பினர். பாராட்டு, ஒரு சின்னக் குறை, மறுபடி பாராட்டு என்ற அச்சு பழகிப்போய், பல மன்றங்களில் "சூப்பரா பேசினீங்க, இன்னும் கொஞ்சம் கை அசைவு இருந்திருக்கலாம்" என்பதோடு முடிந்துவிடுகிறது. புதியவரை ஓடவிடக்கூடாது என்ற நல்லெண்ணம்தான், ஆனாலும் ஆறாவது உரைக்கும் அதே வரி என்றால் வளர்ச்சி நின்றுவிடும். இதற்கு வழி உண்டு. மதிப்பீட்டாளரிடம் பேசுவதற்கு முன்பே ஒரே ஒரு வேலை கொடுங்கள்: "முதல் ஒரு நிமிடத்தில் என் கை என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள்", அல்லது "எந்த வாக்கியத்தில் குரல் கீழே விழுகிறது என்று குறித்துக்கொடுங்கள்". குறிப்பான கேள்விக்குக் குறிப்பான பதில் வரும். 'பாத்வேஸ்' என்ற அவர்களின் பாடத்திட்டத்தின் முதல் நிலையில், வந்த கருத்துகளைச் சேர்த்து மறுபடி ஓர் உரை நிகழ்த்தும் பயிற்சி இருக்கிறது. அந்த இரண்டாவது உரைக்கும் பழைய தலைப்பையே எடுங்கள். விஷயம் பழகிவிட்டதால் கவனம் முழுக்கக் குரலுக்கும் உடம்புக்கும் போகும்.

அசைச்சொல் எண்ணுபவர் ஏற்பாட்டைப் பற்றி நம் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது. "அ...", "வந்து", "அது என்னன்னா", "ஆக்சுவலி" எல்லாவற்றையும் எண்ணி, கடைசியில் பெயர் சொல்லி எண்ணிக்கை வாசிப்பார்கள். ஓரளவு பேசப் பழகியவருக்கு இது தங்கம். பயத்தோடு வந்த புதியவருக்கு, பேசும்போதே தன் பேச்சைத் தானே ஒட்டுக்கேட்கும் வியாதியைத் தரும். சில மன்றங்களில் ஒவ்வொன்றுக்கும் மணி அடிக்கும் வழக்கமும் உண்டு. அங்கே முதல் மூன்று மாதம் சேராதீர்கள், அல்லது உங்களுக்கு மட்டும் மணி வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்வார்கள்.

மொழி அடுத்த சிக்கல். தமிழ்நாட்டு மன்றங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் நடக்கின்றன. மேடை பயமும் ஆங்கில பயமும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாகச் சுமந்து மேடை ஏறுகிறவர் எதனால் திணறினோம் என்றே தெரியாமல் இறங்குவார். தமிழில் நாலு பேர் முன்னால் சரளமாகப் பேச வருகிறதென்றால் உங்களுக்கு இருப்பது மொழிக் கூச்சம், அதற்கு ஆங்கில மன்றம் சரி. தமிழிலேயே குரல் நடுங்குகிறதென்றால் தமிழ் மன்றத்தையோ இருமொழி மன்றத்தையோ முதலில் தேடுங்கள். சிங்கப்பூரில் தமிழ் மன்றங்கள் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. பாத்வேஸ் பாடங்கள் தமிழிலும் கிடைக்கின்றன. மேடை பிடிபட்ட பிறகு ஆங்கிலத்துக்கு மாறுவது அவ்வளவு கடினமில்லை.

ஆன்லைன் மன்றங்களைப் பயத்துக்கான மருந்தாகப் பரிந்துரைக்க முடியாது. வீடியோ கூட்டத்தில் பேசுவது தனித்திறமை, வேலைக்கு அது வேண்டுமென்றால் சரி. ஆனால் நாற்காலியை விட்டு எழுவது, நடப்பது, உயிருள்ள கண்களைச் சந்திப்பது ஆகியவை திரையில் இல்லை. பயம் இருப்பதோ அங்கேதான். அலுவலகங்களுக்குள் ஊழியருக்கு மட்டும் நடக்கும் மன்றங்களில் வேறு சங்கடம்: மேலாளரும் அதே அறையில் உட்கார்ந்திருப்பார். பயப்படுவதே அவர் முன் பேசத்தான் என்றால் முதலில் வெளி மன்றம், பிறகு அலுவலக மன்றம்.

கூட்டத்தின் அளவையும் சொல்லவேண்டும். 20 பேர் கொண்ட, கைதட்டுவதற்குத் தயாராக இருக்கும் அவையில் பழகிய தைரியம், 300 பேர் கொண்ட கல்யாண மண்டபத்திலோ கேள்வி கேட்டு மடக்கும் வாடிக்கையாளர் முன்போ அப்படியே கூடவே வராது. அரைவாசி வரும். மீதிக்கு, ஆறேழு உரை முடிந்ததும் மற்ற மன்றங்களில் விருந்தினராகப் பேசக் கேட்பதும், மன்ற அளவிலிருந்து தொடங்கும் போட்டிகளில் பெயர் கொடுப்பதும் உதவும். போட்டியின் உச்சம் உலக அளவு. இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாராச்சி 2014-இல் அந்த உலகப் பட்டத்தை வென்றவர். மன்ற அளவில் தோற்றாலும் பரவாயில்லை, முகம் தெரியாத நடுவர் முன் நின்றதுதான் லாபம்.

கட்டணம்: சர்வதேச அமைப்புக்கு ஆறு மாதத்துக்கு 60 டாலர், புதியவருக்கு ஒருமுறை மட்டும் 20 டாலர். தவணை ஏப்ரலிலும் அக்டோபரிலும். இதோடு அறை வாடகை, சிற்றுண்டி என்று மன்றம் தனியாக வாங்கலாம். சேரும்முன் மொத்தத் தொகையை ரூபாயில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள், இரண்டு நாள் பயிற்சிப் பட்டறைகளோடு ஒப்பிட்டால் இது மலிவு. பட்டறையில் உற்சாகம் ஏறும், மூன்று வாரத்தில் இறங்கும், காரணம் மேலே சொன்ன அந்த இடைவெளிதான். ஆனால் மலிவு என்பது நீங்கள் எழுந்து நின்றால்தான். ஆறு மாதத்தில் நான்கு உரை, எட்டு டேபிள் டாபிக்ஸ், ஆறு பொறுப்புகள் என்பதைக் குறைந்த கணக்காக வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே போனால் புதுப்பிக்காதீர்கள்.

மன்றத்தின் ஆண்டு ஜூன் 30-இல் முடிகிறது. உறுப்பினர்கள் பாத்வேஸில் எத்தனை நிலைகளை முடித்தார்கள் என்பது மன்றத்தின் தரவரிசைக்குச் சேரும் என்பதால் மே, ஜூனில் சில மன்றங்களில் உரைகள் மடமடவென்று ஓடும். ஒரே கூட்டத்தில் ஆறேழு பேர். யாருக்கும் உருப்படியான மதிப்பீடு கிடைக்காது. முதல் உரையை அந்தச் சந்தடியில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பேச வேண்டும் என்ற நினைப்பிலேயே வாந்தி, மயக்கம், பல நாள் தூக்கமின்மை என்று போகிறவருக்கும், கடையில் பில் கேட்கக்கூடக் கூசுகிறவருக்கும் மன்றம் முதல் படி அல்ல. அது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்த்து, சிந்தனை-நடத்தைச் சிகிச்சை எடுத்துக்கொண்டே மன்றத்துக்கும் வரலாம். மேடைக் கலைஞர்கள் சிலர் போடும் புரோப்ரானலால் மாத்திரை நடுக்கத்தையும் படபடப்பையும் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஆபத்து, நாடித்துடிப்பு குறைவானவருக்கும் ஆகாது. நண்பர் கொடுத்தார் என்று விழுங்கும் மாத்திரை அல்ல, மருத்துவர் சீட்டு வேண்டும்.

விருந்தினராகப் போவதற்குப் பெரும்பாலான மன்றங்களில் கட்டணம் இல்லை, பேசியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அமைப்பின் இணையதளத்தில் ஊர் பெயர் போட்டுத் தேடலாம். குறைந்தது மூன்று மன்றங்களைப் பாருங்கள், ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் இருக்கும். சொன்ன நேரத்துக்குத் தொடங்கினார்களா, சிவப்பு விளக்கைப் பழைய உறுப்பினர்கள் மதித்தார்களா, மதிப்பீட்டில் ஒரு வாக்கியமாவது அந்தப் பேச்சுக்கு மட்டுமே பொருந்துவதாக இருந்ததா, கடைசி வரிசையில் இருந்த புதியவரை யாராவது டேபிள் டாபிக்ஸுக்கு அழைத்தார்களா என்று கவனியுங்கள். கூட்டம் முடிந்ததும், உரைகளுக்குத் தேதி ஒதுக்கும் கல்விக்கான துணைத்தலைவர் யார் என்று விசாரித்து, அவரிடம் ஒரே கேள்வி: "இன்றைக்குச் சேர்ந்தால் என் ஐஸ் பிரேக்கர் எந்தத் தேதி?" ஆறு வாரத்துக்குள் ஒரு தேதி சொன்னால் பணம் கட்டலாம். "பார்க்கலாம், வரிசை நீளம்" என்றால் அடுத்த மன்றத்தைப் பாருங்கள்.